வராத சாருக்கு ஒரு இலை

அந்த இலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தண்ணீர் தெளித்துத் துடைத்த நுனி இலை, ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு, பக்கத்தில் ஒரு துண்டு ஊறுகாய், எதிரே கவிழ்த்து வைத்த டம்ளர். மேலே ஃபேன் சுற்றும்போது இலையின் நுனி மட்டும் தூக்கித் தூக்கி விழும். அதற்கு முன்னால் யாரும் உட்கார மாட்டார்கள். யாரும் உட்காரப் போவதில்லை என்று தெரிந்தேதான் அதை நாங்கள் தினமும் போடச் சொன்னோம்.

எழுபதுகளின் பிற்பாதியில் திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் காலை பஸ். வீட்டில் எல்லோரும் விடிவதற்கு முன்பே மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது நிலக்கடலைக் காட்டுக்கு, போய்விடுவார்கள். நான் கிளம்பும் நேரத்தில் அடுப்பில் இருப்பது முந்தின நாள் சாம்பல்தான். ஆகவே மத்தியானச் சாப்பாட்டுக்கு டவுனை நம்பித்தான் இருந்தேன். ஆண்களுக்கு அது நம்பும்படியான டவுன். பன்னிரண்டு மணிக்கே எங்கள் அலுவலக ஆண்கள் ஃபைலைத் தள்ளி வைத்துவிட்டு விவாதத்தில் இறங்கிவிடுவார்கள். தேரடித் தெரு மெஸ்ஸில் இன்றைக்கு என்ன கூட்டு, பஸ் ஸ்டாண்டு மிலிட்டரி ஓட்டலில் தலைக்கறி உண்டா, எந்தக் கடையில் மோர் தண்ணீராகிவிட்டது என்று அலசி ஆராய்வார்கள். அந்த அக்கறையை ஃபைலில் காட்டியிருந்தால் தாலுகாவே முன்னேறியிருக்கும். மணி அடித்ததும் கும்பலாகக் கிளம்புவார்கள். போகிற போக்கில் ஒருத்தர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, டிபன் எடுத்தாரலியா?" என்பார். பதிலுக்கு நிற்க மாட்டார்.

பெண்கள் நாங்கள் இரண்டே பேர். இன்னொருவர் டெஸ்பாட்ச் அக்கா. வருகிற போகிற தபால்களுக்கெல்லாம் எண் போட்டு அனுப்புகிற வேலை அவருடையது. அக்கா தினமும் விடியலில் எழுந்து புருஷனுக்கு, கொழுந்தனுக்கு, இரண்டு பிள்ளைகளுக்கு என்று வரிசையாகச் சோறு கட்டுவார். தனக்கு மட்டும் கட்ட மாட்டார். நான் காரணம் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னார். "காலைல மூக்குல ஏறுன வாசனை மத்தியானம் வாயில எறங்காதும்மா. எனக்கு ஒரே ஒரு ஆசைதான். யாராச்சும் சமைச்சு, சுடச்சுட, என்னை உக்கார வெச்சுப் போடணும். நான் எழுந்திருக்காம சாப்பிடணும்." எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. இது என்ன பெரிய ஆசை என்று நினைத்தேன்.

சாப்பாடு தேடி இருவரும் ஊரைச் சுற்றினோம். கோயிலில் பிரசாதப் புளியோதரை கிடைக்கும். நாலு நாள் தொடர்ந்து சாப்பிட்டதும் அக்காவின் வயிறு சாமியிடமே முறையிட்டது. மசூதித் தெருவில் ஒரு பாய் வீட்டம்மா, முதல்நாளே சொல்லிவிட்டால் குஸ்கா செய்து பின்வாசல் வழியாகக் கொடுப்பார். அதன் மணம் தூக்கில் அடங்காமல் எங்களுக்கு முன்பே அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு அம்மாவின் கேழ்வரகுக் களியும் கீரையும் அமிர்தம். ஆனால் தெருவில் குந்தி எப்படிச் சாப்பிடுவது? எல்லாவற்றையும் வாங்கிவந்து ரெக்கார்டு ரூம் பீரோக்களுக்குப் பின்னால், எலிப் புழுக்கை வாசனையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். விலை எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும். ருசிக்கும் குறைவில்லை. உட்கார ஓர் இடம்தான் ஊரில் இல்லை.

தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு ஓட்டல் இருந்தது. கூடத்தில் முழுக்க ஆண்கள். கை கழுவும் இடத்தை ஒட்டி, பச்சைத் திரை போட்ட சின்ன அறை ஒன்று. மேலே 'ஃபேமிலி ரூம்' என்று எழுதியிருக்கும். பெண்கள் அங்கேதான் உட்காரலாம், அதுவும் ஓர் ஆண் கூட வந்தால்தான். எழுதி வைக்காத சட்டம் அது. முதல் நாள் நாங்கள் போனபோது கல்லாவில் இருந்தவர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "கூட யாரு வராங்க?" என்றார். நான் திரும்பிப் போகத் தயாராகிவிட்டேன். அக்கா கண் சிமிட்டாமல் சொன்னார்: "சார் பின்னாடி வராரு. மூணு எலை போடச் சொல்லுங்க."

அப்படித்தான் அந்த மூன்றாவது இலை வந்தது. பரிமாறுகிறவர் நடு வயதுக்காரர், தோளில் எப்போதும் ஈரத் துண்டு. சார் வந்ததும் போடட்டுமா என்று கேட்டுப் பார்த்தார். "எங்களுக்குப் போடுங்க, அவரு வந்து சாப்ட்டுக்குவாரு," என்றார் அக்கா. சாப்பிட்டு முடித்தோம். சார் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பத்து நாள் போனதும் பரிமாறுகிறவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் மனுஷன் ஒரு நாளும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. மூன்று இலையையும் ஒரே மரியாதையோடு போட்டு, உப்பு வைத்து, "சார் இன்னிக்கும் லேட்டுங்களா?" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்பார். "வேலை ஜாஸ்தி," என்பார் அக்கா. "நாளைக்குச் சுண்டக்கா வத்தக்குழம்புங்க. சார் வராட்டியும் நீங்க வந்துடுங்க," என்பார் அவர். நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன். சாருக்குப் பித்தம், சாருக்கு ஆடிட், சார் வேலூருக்கு மீட்டிங் போயிருக்கிறார் என்று அக்கா தினம் ஒன்று விடுவார். அந்தத் திரைக்குப் பின்னால் அவர் வேறு ஆளாக இருந்தார். நாற்காலியில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு, எழுந்திருக்காமல், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அவரைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. ஓட்டலில் சாப்பிடும் பொம்பளை என்றால் அந்தக் காலத்தில் ஊர் பார்க்கிற பார்வையே வேறு. மாமியார் ஏற்கெனவே, "சம்பாரிச்சது போதும், வேலைய உட்டுட்டு ஊட்ல கெட," என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். இது தெரிந்தால் வேலையும் போகும், அந்த ஒரு மணி நேரமும் போகும். தெரியாமல் இருக்குமா? அக்காவின் வீட்டுக்காரர் நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். மண்டியில் ஒருத்தன் அவரிடம், "அண்ணி தெனம் ஃபேமிலி ரூம்லதான் சாப்பாடாமே. யாரோ ஒரு சாருக்கு எலை போட்டு வெச்சினு காத்துனு இருக்காங்களாம்," என்று பற்றவைத்துவிட்டான். எங்கள் விளையாட்டு ஊர் வாயில் அந்த மாதிரி உருவெடுக்கும் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. இல்லாத ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டால்தான் மானம் காப்பாற்றப்படும் என்று இருந்தோம். அந்த இல்லாத ஆளாலேயே மானம் போகப் பார்த்தது.

அன்றைக்கு நாங்கள் சாப்பிட ஆரம்பித்திருந்தோம். திரை விலகியது. அக்காவின் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். மண்டியிலிருந்து வெயிலில் வேகமாக நடந்து வந்திருக்க வேண்டும், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்க்கவில்லை. மூன்றாவது இலையைத்தான் பார்த்தார். "இது யாருக்கு?" என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. அக்காவின் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது.

பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு அவருக்குப் பின்னால் வந்து நின்றார். அக்காவின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். வந்தவர் யார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "உங்களுக்குத்தான் சார்," என்றார். "தெனம் 'சார் பின்னாடி வராரு'னு அம்மா சொல்றாங்க, நாங்களும் எலை போட்டுனே இருக்கோம். நீங்கதான் வரமாட்டேன்றீங்க. உக்காருங்க சார், சோறு ஆறுது." சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்.

அவர் உட்கார்ந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வேறொருவர் பரிமாறச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று அக்கா பிற்பாடு சொன்னார். அவர் இலையில் சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. பரிமாறுகிறவர் எனக்கும் ஊற்றினார். அக்காவின் இலையைத் தாண்டிப் போய், இன்னொரு வாளியை எடுத்துவந்து, கேட்காமலே வத்தக்குழம்பை ஊற்றினார்.

"அவளுக்குச் சாம்பார் போடலியா?"

"அம்மாவுக்குச் சாம்பார் வேணாம் சார். வத்தக்குழம்புதான் ஜாஸ்தி ஊத்தணும்."

வீட்டுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "வூட்ல தெனம் சாம்பார்தானே வைக்கிற?"

"உங்களுக்குப் புடிக்கும்னு வைக்கிறேன்," என்றார் அக்கா. அதில் கோபமோ குறையோ எதுவும் இல்லை. யாரோ மணி என்ன என்று கேட்டதற்குச் சொன்ன பதில் மாதிரி சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். வீட்டுக்காரர் தன் இலைப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டார். நடுவில் ஒரு தடவை அக்கா பழக்கத்தில் அவருக்கு மோர் எடுக்க எழுந்தபோது, "உக்காரு, அவரு எடுத்தாருவாரு," என்றார். போகும்போது கல்லாவில் நின்று, "நாளைலேந்து நான் வரமாட்டேன். இவங்க வருவாங்க. எலை போடுங்க," என்று சொல்லிவிட்டு மண்டியைப் பார்த்து நடந்தார். இரண்டு பெண்கள் சோறு சாப்பிட, அதற்கும் ஓர் ஆண் வந்து சொல்ல வேண்டியிருந்ததே என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் எரிச்சலை விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு இலைதான் விழுந்தது. அக்கா, "மூணு போடுங்க," என்றார். சார் வருகிறாரா என்று பரிமாறுகிறவர் நிஜமாகவே குழம்பிப்போனார். "சார் இல்ல. வாசல்ல ஒரு அம்மா ஆஸ்பத்திரி சீட்டோட நிக்கிறாங்களே, அவங்களைக் கூப்பிடுங்க. கேட்டா எங்க கூட வந்தவங்கனு சொல்லுங்க." அந்த அம்மா கூச்சத்தோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அதற்குப் பின் அந்த மூன்றாவது இலை காலியாக இருந்த நாள் குறைவு. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில்கூட யாரோ ஒரு தனிப் பெண் அதில் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். எண்பதுகளின் நடுவில் எனக்கு மாற்றல் வரும்வரை இது நடந்தது.

இப்போது பெரிய அலுவலகங்கள் ஊருக்கு வெளியே வேங்கிக்கால் பக்கம் போய்விட்டன. அந்த ஓட்டல் இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. கல்லூரிப் பெண்கள் தனியாக வந்து, பிரியாணி சொல்லிவிட்டு, போனைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள். கூட யார் என்று யாரும் கேட்பதில்லை. பார்க்க நிறைவாக இருக்கிறது.

போன மாதம் அக்காவின் காரியத்துக்குப் போயிருந்தேன். படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்துக்கொண்டிருந்தார்கள். அதே மாதிரி நுனி இலை, ஓரத்தில் உப்பு, பக்கத்தில் டம்ளர். ஃபேன் காற்றில் நுனி தூக்கித் தூக்கி விழுந்தது. மருமகள் சாம்பார்ப் பாத்திரத்தோடு குனிந்தாள். சுவரோரம் நாற்காலியில் இருந்த அக்காவின் வீட்டுக்காரர், எழுந்திருக்க முடியாத உடம்போடு, கையை நீட்டித் தடுத்தார்.

"அவளுக்குச் சாம்பார் வேணாம்மா," என்றார். "வத்தக்குழம்பு ஜாஸ்தி ஊத்து."