அடைப்பு வீட்டு ஏசம்மாள்

இராஜபாளையத்தில் வீட்டுப் பஞ்சம் எதனால் வந்தது என்று கேட்டால், யுத்த காலத்தில் ஆளுக்கொரு காரணம் கைவசம் வைத்திருந்தார்கள். சிமெண்டும் இரும்பும் சண்டைக்குப் போய்விட்டன என்றார் ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் ஒருவர். குண்டுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்கள் இருந்த வீட்டையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள் என்றார் ஒரு மளிகைக் கடைக்காரர். மில்லைக் கட்டியவர்கள் அதில் வேலை பார்க்கிறவனுக்குப் படுக்க இடம் கட்ட மறந்துவிட்டார்கள் என்றார்கள் சங்கத்துக்காரர்கள். வாடகைக்குச் சர்க்கார் கடிவாளம் போட்ட பிறகு எந்த மடையன் புது வீடு கட்டுவான் என்று கேட்டார்கள் வீட்டுக்காரர்கள். எல்லாவற்றிலும் உண்மை உண்டு. என்ன செய்ய, காரணத்துக்குக் கூரை கிடையாது. அதற்கடியில் பிள்ளை பெற முடியாது. ஏசம்மாளுக்கு வேண்டியிருந்தது கூரை.

அவள் பிளவக்கல் மலையடிவாரத்துக்காரி. புருஷன் தேவஇரக்கத்துக்கு மில்லில் பஞ்சு அடித்துச் சுத்தம் பண்ணும் ப்ளோ ரூமில் வேலை கிடைத்ததும், ஒரு தகரப் பெட்டியும் வேதப்புத்தகமுமாக இருவரும் இராஜபாளையம் வந்தார்கள். வேலை கிடைத்த வேகத்தில் வீடு கிடைக்கவில்லை. எந்த வாசலில் போய் நின்றாலும் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுக?" என்பதுதான். பேரைச் சொன்னதும், "வேதக்காரவுகளா? கறிமீன் ஆக்குவியளே" என்று கதவைப் பாதி சாத்துவார்கள். மீதிப் பாதியை அவள் திரும்பி நடக்கும்போது சாத்துவார்கள். அவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள்.

கடைசியில் மில்லுக்குத் தெற்கே ஒரு தோப்பில் ஓலைச் சாய்ப்பு இறக்கிக்கொண்டார்கள். தலைப்பிள்ளை அங்கேதான் பிறந்தது. ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே புகுந்து, பாய் நனைந்து, பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் வருவதற்குள் புதைத்துவிட்டு வந்தார்கள். மறு வருஷம் வயிற்றில் அடுத்தது தங்கியபோது ஏசம்மாள் புருஷனிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"இந்தப் பிள்ளைய ஓலைக்கடியில பெற மாட்டேன். மழைக்கு முந்தி ஒரு வீடு பாருங்க. நீங்க பாக்கலைன்னா நான் பாப்பேன்."

அவன் பார்த்தான். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். புரட்டாசியும் பாதி போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் வாசகசாலைக்கு முன்னால் வீட்டுப் பஞ்சத்தைப் பற்றி ஒரு பொதுக்கூட்டம் போட்டார்கள். காரணம் தெரிந்தால் வீடும் தெரியவரும் என்று நம்பி, தள்ளிய வயிற்றோடு அவளும் போனாள். தெருவில் எள் விழ இடமில்லை. நின்று நின்று கால் கடுத்தது. எதிர்ச் சாரியில் பூட்டிக் கிடந்த ஒரு ஓட்டு வீட்டின் படிகள் மட்டும் காலியாக இருந்தன. இத்தனை கூட்டத்தில் அங்கே ஏன் ஒருவரும் உட்காரவில்லை என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. போய் உட்கார்ந்துவிட்டாள்.

மேடையில் பஞ்சு வியாபாரி ரத்தினம் பேசிக்கொண்டிருந்தார். நல்ல குரல், நாலைந்து வீடுகளுக்குச் சொந்தக்காரர். "இன்னைய தேதிக்கு இந்த ஊருல ஒரு வீடு காலி கிடையாது! இருந்தா காட்டுங்க பாப்போம்!" என்று கையை வீசினார். வீசிய கை போன திசையில் அவளைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, எந்திரி! அது அடைப்பு வீடு!"

சனம் மொத்தமும் திரும்பியது. ரத்தினத்தின் தாயார் முந்தின மாசம் அவிட்ட நட்சத்திரத்தில் கண்ணை மூடிய வீடு அது. அந்த நட்சத்திரத்தில் சாவு விழுந்தால், விழுந்த வீட்டை ஆறு மாசம் அடைத்துப்போட வேண்டும் என்பது ஊர் வழக்கம். போன உயிர் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், இருக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று பயம். ரத்தினம் பொய் பேசவில்லை. அவர் கணக்கிலும் கூட்டத்தின் கணக்கிலும் அது வீடே அல்ல. ஏசம்மாள் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், அண்ணாந்து அதன் கூரை ஓடுகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். உடைசல் இல்லை. அதற்குள் கூட்டம் மறுபடியும் சிமெண்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் அவள் தனியாகப் போய் ரத்தினத்தின் வாசலில் நின்றாள்.

"மொதலாளி, அடைப்பு வீட்டை எனக்குக் குடுங்க. ஆறு மாசம் முடியவும் காலி பண்ணிருதேன்."

ரத்தினத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? வாயும் வயிறுமா இருக்க. அங்க வச்சுப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பாவம் என் தலையில விடியும்."

"தோப்புல வச்சு போன மழைக்கு ஒண்ணு ஆச்சு, மொதலாளி. அந்தப் பாவத்துக்கு யாரும் தலை குடுக்கல."

 ரத்தினம் குரல் இறங்கிச் சொன்னார்: "அதுக்கில்லட்டி. எங்காத்தா உசிரு அங்கனதான் சுத்தும்பாக."

"சுத்தட்டுமே. பேறுகால வீட்டுக்குப் பெரிய மனுஷி ஒருத்தி தொணைக்கு வந்தா, வேண்டாம்னா சொல்லுவேன்? எனக்குத் தொணைக்கு வேற ஆளு ஏது?"

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ரத்தினத்தின் மனைவி மாரியாத்தாள் விசும்பியது வாசல் வரை கேட்டது. அவள் பெற்ற பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கூட இருந்து பார்த்தவள் அந்த மாமியார்தான். ரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் கடைக்குப் போய்விட்டார். மாரியாத்தாள் வெளியே வந்து சாவியைக் கையில் கொடுத்தாள்.

"வாடகை எம்புட்டும்மா?" என்று கேட்டாள் ஏசம்மாள்.

"அடைப்பு வீட்டுக்கு வாடகை வாங்குனா வெளங்குமா? போடி" என்றாள் மாரியாத்தாள்.

அன்றைக்கே குடிபோனார்கள். வேதக்காரனுக்குப் பேய் பயம் கிடையாது என்று யாராவது சொன்னால் தேவஇரக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வேதப்புத்தகத்தைத் தலைமாட்டிலும், எதற்கும் இருக்கட்டும் என்று அரிவாளைக் கால்மாட்டிலும் வைத்துக்கொண்டுதான் படுத்தான். ஏசம்மாளுக்கும் உள்ளூர உதறல் இருந்தது. ஆனாலும் பொழுது சாய்ந்ததும் விளக்கை ஏற்றி, கிழவி இறந்த அறையைப் பார்த்துச் சொன்னாள்: "ஆச்சி, நான் ஏசம்மா. கொஞ்ச காலம் இருந்துட்டுப் போயிருதேன்." அப்படி ஒரு துணிச்சல் எந்த மேடையிலும் எனக்குப் பார்க்கக் கிடைத்ததில்லை.

ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டிய ஒரு பிற்பகலில் அவளுக்கு வலி எடுத்தது. தேவஇரக்கம் ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டிவந்தான். சேதி கேட்டு மாரியாத்தாளும் வந்தாள். ஆனால் படி ஏறவில்லை. வெந்நீர்ச் செம்பைப் படிக்குக் கீழே நின்றே தேவஇரக்கத்திடம் நீட்டுவாள், காலி செம்பை வாங்குவாள், தெருவில் குடையோடு நிற்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் ஆக ஆக, மழைச் சத்தத்துக்கு மேல் ஏசம்மாளின் அலறல் கேட்டது. பிறகு அதுவும் அடங்கிப்போனது. 

அப்போதுதான் பிள்ளை வீல் என்று கத்தியது.

மாரியாத்தாள் குடையைத் தெருவிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். மாமியார் செத்த அறையில், மாமியார் படுத்த மூலையில், பெண் குழந்தை ஒன்று காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. அதைச் சேலையில் ஏந்திக்கொண்டு, "அத்தை, பாத்தியளா, நல்லபடியாப் பெத்துட்டா" என்று சுவரைப் பார்த்து அழுதாள். அதற்கப்புறம் அந்த வீட்டுப் படியைக் கண்டு அவள் பயந்ததே இல்லை.

ஆறு மாசம் முடிந்ததும் ஏசம்மாள் வீட்டுக்கு வெள்ளையடித்துச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ரத்தினத்துக்கு 'இருந்துக்கோ' என்று சொல்ல வாய் வரையில் வந்தது. ஆனால் அதற்குள் அவருடைய சொந்தக்காரன் ஒருவன் கேட்டு வைத்திருந்தான். ஏசம்மாள் முகம் சுளிக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பழையபேட்டைப் பக்கம் இன்னொரு அடைப்பு வீட்டுக்குப் போனாள். அது முடிந்ததும் வேறொன்று. குடி மாறி மாறியே, அடுத்துப் பிறந்ததையும் சேர்த்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள்.

பிறகு அவளுக்கு மட்டும் என்று பார்ப்பதையும் விட்டாள். மில்லைச் சுற்றிக் குடிசைகளில் எவளாவது பிள்ளைத்தாச்சியாக இருந்தால், ஏசம்மாள் அவளுக்கு வீடு தேடப் புறப்பட்டுவிடுவாள். சாவு வீட்டுக்குப் போவாள், கூட உட்கார்ந்து மனசார அழுவாள், காரியம் முடிந்த பின்பு மெதுவாகக் கேட்பாள். "எங்க சாவு விழும்னு கழுகு மாதிரி பாக்கா" என்று காதுபடவே ஏசினார்கள். கேட்டுக்கொண்டே இருந்தாள். வேதக்காரர்கள் மட்டுமல்ல, நட்சத்திரத்தை நம்புகிறவர்களும் கடைசியில் அவள் பின்னால் வந்தார்கள். மழை பிடித்துக்கொண்டால் அவிட்டமாவது சதயமாவது! 'அடைப்பு வீட்டு ஏசம்மாள்' என்று ஏளனமாக வைத்த பேரை, நாளடைவில் ஊர் மரியாதையோடு சொல்லப் பழகியது.

யுத்தம் முடிந்தது. சுதந்திரமும் வந்தது. வீட்டுப் பஞ்சம் மட்டும் போகவில்லை. அதன் காரணத்தைப் பற்றிய கூட்டமும் ஓயவில்லை. ஆனால் ரத்தினம் மேடை ஏறுவதை நிறுத்தியிருந்தார். நெஞ்சுவலி வந்து, சொந்தக்காரன் காலி பண்ணிப் போயிருந்த, தாயார் வாழ்ந்த அதே வீட்டில், அதே அறையில் படுத்துவிட்டார். நாற்பத்தெட்டாம் வருஷ மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். நட்சத்திரம் பார்த்தார்கள்: சதயம். அதற்கும் ஆறு மாச அடைப்பு.

காரியம் முடிந்த மறுநாள் மாரியாத்தாள் ஏசம்மாளுக்கு ஆள் அனுப்பினாள்.

"அவிய சாகுறதுக்கு முந்தி சொல்லிட்டுத்தான் போனாக" என்றாள். "நான் எந்த நட்சத்திரத்துல போனாலும் வீட்டைப் பூட்டாதிய, ஆத்தாளுக்குத் தொணை இருந்தாப்புல எனக்கும் ஒரு பிள்ளைத்தாச்சிய வரச்சொல்லுங்கன்னாக."

வன்னியம்பட்டியிலிருந்து மில் வேலைக்கு வந்த சங்கிலிப்பாண்டியும் அவன் பெண்டாட்டி சந்தனமும் மில் சுவரோரம் சாக்குப் படுதாவுக்கடியில் கிடந்தார்கள். அவளுக்கு நிறைமாசம். ஏசம்மாள் அவள் கையைப் பிடித்துத் தூறலில் கூட்டிவந்தாள். வீட்டைக் கண்டதும் சந்தனம் தெருவிலேயே நின்றுவிட்டாள். சதயச் சாவு என்று அவளுக்கும் தெரியும். படியில் கால் வைக்கவில்லை.

தாலி இறக்கிய கழுத்தோடு மாரியாத்தாள் கதவைத் திறந்துகொண்டு வந்து, முன்பு அவளே ஏறப் பயந்து நின்ற அந்தப் படியில் நின்று கையை நீட்டினாள்.

"உள்ள வா தாயி. அவிய ஒனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காக."