கையோடு எடுத்துப்போகும் மானிட்டர்

இப்போது நினைத்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. நடந்தது செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு லேப்டாப் ரிப்பேர் கடையில், பட்டப்பகலில். யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஒரு சத்தம்கூட எழவில்லை.

நான் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவன். அம்மா போனபின் வீட்டில் நானும் அப்பாவும்தான், அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஓயாத சண்டை. நான் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நின்று, "கொழம்புல உப்பு போட்டியாடா?" என்பார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். கடைசியில் சத்தமில்லாமல் பெங்களூருக்கு மாற்றல் கேட்டேன், கிடைத்தும்விட்டது. நைனாவை அவலூர்பேட்டை அக்கா வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. நைனாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அங்கே ஹாஸ்டல் அறையில் மேசையே ஒரு முழம்தான். அதனால் லேப்டாப்போடு சேர்த்து வைத்துக்கொள்ள, பையில் போட்டுப் போகிற மாதிரி மெல்லிசாக ஒரு மானிட்டர் தேடினேன். ஆன்லைனில் ஆர்டர் போடப் போனவனை நைனா விட்டால்தானே! நெல் மண்டியில் மூட்டைக்கு மூட்டை குத்தூசி விட்டு நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்தே காலம் தள்ளியவர் அவர். எங்கள் ஊரில் ஒரு பல்பு என்றாலும் கடைக்காரர் ஹோல்டரில் மாட்டி எரியவிட்டுக் காட்டினால்தான் வாங்குவோம்.

"எரியுதான்னு பாக்காம பொட்டிய வாங்குவியா? இன்னாடா படிச்ச நீ?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பிவிட்டார்.

கடையில் அந்த மாதிரி மெல்லிசாக இருந்தது இரண்டே இரண்டு. ஒன்று பளபளக்கிற திரை, அதில் என் மூஞ்சிதான் தெரிந்தது. மற்றது கண் கூசாத ரகம், பின்னால் மடக்கி நிறுத்துகிற கால் இருந்தது. அதைக் கையில் எடுத்ததும் நைனா ஆரம்பித்தார்.

"வூட்டுலதானே வேல பாக்கற? பெருசா ஒண்ணு வாங்கி செவுத்துல மாட்டிக்கோயேன். மடக்கறது எதுக்கு?"

"எடம் அடைக்காது நைனா. உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன். கடைக்காரர் முன்னாலேயே சொன்னேன், வெட்கமில்லாமல்.

நைனா அவரிடம் திரும்பி, "போட்டுக் காட்டு தம்பி" என்றார்.

பையில் கொண்டுபோயிருந்த என் லேப்டாப்பை எடுத்து வைத்தேன். டைப் சி வயரில் படம் வரவில்லை. என் லேப்டாப்பில் அது சார்ஜுக்கு மட்டும்தானாம்.

"பாத்தியா! ஆன்லைன்ல வாங்கி இருந்தா நாமம்தான்" என்று நைனாவுக்கு ஒரே குஷி.

கடைக்காரர் வேறு வயரைச் செருகி, மானிட்டரை நைனா பக்கம் திருப்பிக் கவுண்டர்மேல் நிறுத்தினார். எனக்குத் தெரிந்தது அதன் முதுகுதான். லேப்டாப்பைத் திறந்தேன். காலையில் அக்காவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் அப்படியே கிடந்தது. முன்பு ஆபீசுக்குப் போன காலத்தில் இரண்டாவது திரையில் வேறு படம்தான் வரும். அந்த நினைப்பில் நான் அதை மூடவில்லை. இங்கே இரண்டிலும் ஒரே படம் வருமென்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

"எழுத்து தெரியுதா பெரியவரே?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் வெளிச்சத்தைக் கூட்டினார்.

"தெரியுதே" என்று நைனா மண்டியில் சீட்டு வாசிக்கிற குரலில் வாசித்தார். "'அக்கா, இந்த மனுசனோட என்னால குப்பை கொட்ட முடியல. அடுத்த மாசம் நான் பெங்களூர் போறேன்...'"

அதற்குமேல் குரல் வரவில்லை. மிச்சத்தைக் கண்ணாலேயே படித்தார். 'நைனாவ வந்து கூட்டினு போயிடு. நான் சொன்னதா சொல்லாத.' எழுதியவனுக்குத் தெரியாதா!

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! லேப்டாப்பைப் படாரென்று மூடினேன். மூடினாலும் அணையாதபடி வேலைக்காக நானே செட்டிங் போட்டு வைத்திருந்தேன், படுபாவி. நைனாவின் முகத்தில் அந்த வெளிச்சம் அப்படியே இருந்தது. வயரைப் பிடுங்கினேன்.

கடைக்காரர் எங்கோ பார்த்தபடி, "வூட்டுக்குன்னா உள்ள பெருசு இருக்குது சார்" என்றார்.

"ஆமா, பெருசே குடுங்க. செவுத்துல மாட்டறது" என்றேன். எல்லாவற்றையும் அந்த ஒரு வார்த்தையில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

"வேணாம்பா" என்றார் நைனா. கோபமே இல்லை. "எடுத்துனு போறதுக்குத்தான் கேக்கறான். இதையே குடு."

என் தோளிலிருந்த பையை அவரே கழற்றினார். ஜிப்பைத் திறந்து, மானிட்டரை மெல்ல உள்ளே இறக்கிப் பார்த்தார்.

"பையில புடிக்குது" என்றார்.