கண்ணாடிப் பைப்புக்கு மூங்கில் காம்பு

என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மறு வருஷம், அதே வீட்டில் வேலை செய்து விடுமுறையில் ஊருக்கு வந்த ஒரு பெண்ணிடம் எனக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தாள். சுற்றியிருந்த துவாலையைப் பிரித்தால் உள்ளே ஒரு கண்ணாடிப் பைப்பு. புகையிலை போட்டுப் புகைக்கிற பைப்பு. கரண்டி மாதிரி ஒரு குழி, அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு காம்பு. காம்புக்குள் நீலக் கோடு ஒன்று சுற்றிச் சுற்றி ஓடியது. பீடி நாற்றம் அவளுக்கு ஆகவே ஆகாது. தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் இருவரும் இருந்த காலத்தில், நான் பீடியைக் கையில் எடுத்தாலே எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுவாள். அதனால்தான் கடை கடையாய் ஏறி இறங்கி இதை வாங்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மகளை மொனராகலையில் கட்டிக்கொடுத்த பிறகு அந்தக் காம்பராவில் நான் ஒருவன்தான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலைப் பேக்டரியில் வேலை, கொழுந்து வாட்டும் மாடியில். வேலை விட்டு வந்து சோறு பொங்கித் தின்று முடித்தால் பேச ஆள் கிடையாது. சுருட்டை உதிர்த்துப் பைப்பில் போட்டுக்கொண்டு வாசல் இஸ்தோப்புப் படியில் உட்காருவேன். கண்ணாடிக்குள் புகை சுழல்வது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். சொன்னால் சிரிப்பார்கள் என்று இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மார்கழிக் காலையில் பைப்பைக் கழுவ எடுத்தேன். உள்ளே கரி படிந்திருந்தது. இரவெல்லாம் பனியில் கிடந்து கண்ணாடி ஜில்லென்றிருந்தது. தேத்தண்ணிக்குக் கொதித்த தண்ணீரை யோசிக்காமல் அதன் மேல் ஊற்றினேன். நகத்தால் சுண்டியது போல ஒரு சத்தம். குழி ஒரு கையில், காம்பு பீலித் தண்ணீர் விழும் தொட்டிக்குள்.

அன்று வேலை ஓடவில்லை. மறுநாள் பதுளை டவுனுக்குப் போய் சூப்பர் குளூ வாங்கி வந்து ஒட்டினேன். ஒட்டின இடமே தெரியவில்லை. இரண்டு நாள் காயவைத்து, ஆசையோடு பற்றவைத்தேன். சூடு ஒட்டுக்கு ஏறியதும் ஒரு காட்டமான நெடி வந்தது. தொண்டை அடைத்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. இருமிக்கொண்டே துப்பினேன். காம்பு தானாகக் கழன்று மடியில் விழுந்தது.

கீழ் லயத்தில் ஃபிரிட்ஜ் திருத்துகிறவர் ஒருவர் இருந்தார். பாதையில் கண்டால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். அவரிடம் போய் கேஸ் டோர்ச்சைக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும், புதுசு ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்றார். நான் கையை நீட்டியபடியே நின்றேன். அவரும் மேலே கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

இடுக்கியில் காம்பைப் பிடித்து நெருப்பில் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கண்ணாடி முனை சிவந்து இளகியது. குழியின் முனையையும் அப்படியே இளக்கி, இரண்டையும் அழுத்தினேன். ஒட்டிக்கொண்டது. கோணல்தான், ஆனாலும் ஒட்டிக்கொண்டது. வாய்விட்டுச் சிரித்தேன். அந்தக் காம்பராவில் என் சிரிப்பு எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது. சிமெந்துத் தரையில் ஆற வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வருவதற்குள் காம்பு மூன்று துண்டாகக் கிடந்தது.

இனி அந்த நீலக் கோட்டுக்கு வழியில்லை என்று தெரிந்துவிட்டது. குழியும் அதன் அடியில் அரை விரல் கண்ணாடியும்தான் மிச்சம். அதன் கூர்முனையைத் தண்ணீருக்குள் வைத்து அரத்தாளில் தேய்த்துத் தேய்த்து மழுக்கினேன். ஆற்றோரத்தில் மெல்லிய மூங்கில் ஒன்றை வெட்டி வந்து, பழைய குடைக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உள்கணுவைத் துளைத்தேன். கண்ணாடியில் நூலைச் சுற்றி மூங்கிலுக்குள் இறுக்கிச் செருகினேன். இழுத்தால் புகை வந்தது. பச்சை மூங்கில் வாடையும் கூடவே வந்தது. பார்க்க நொண்டிக் கோழி மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீடியோவில் பேசுவாள். மகள் சுகமா, இருமல் எப்படி, சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்குள் அங்கே அவளை யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அந்த ஞாயிறு நான் முந்திக்கொண்டு பைப்பைத் தூக்கிக் காட்டினேன்.

"நீ குடுத்து வுட்ட பைப்பு. ஒடஞ்சு போச்சு. மூங்கி வச்சுக் கட்டியிருக்கேன்."

அவள் போனைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். மனசு கஷ்டப்பட்டுவிட்டது என்று நினைத்து, அவ்வளவு தேடி வாங்கினதை இப்படிப் பண்ணிவிட்டேனே என்றேன்.

"தேடியெல்லாம் வாங்கலங்க," என்றாள். "இந்த வீட்டு மவன் குப்பையில போட்டது. நல்லாத்தான இருக்குன்னு எடுத்துக் கழுவி வச்சேன். நான் எங்க கடைக்குப் போறது? வெளிய வுட மாட்டாங்க."

அவள் அனுப்பிய போட்டோக்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. எல்லாவற்றிலும் ஒரே வெள்ளைச் சுவர், ஒரே குசினி அடுப்பு. அங்கே விளக்கு வைத்த தெருக்களில் அவள் நடந்து போவதாக நானாக ஒரு படம் போட்டு வைத்திருந்தேன்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அதையே நெனச்சுக்கிட்டுத் தனியா உக்காந்திருப்பீங்க." பிறகு, "போனக் கொஞ்சம் வெளிய காட்டுங்க," என்றாள்.

இஸ்தோப்புக்கு வந்து போனைத் திருப்பினேன். லயத்துக் கூரைகள், தண்ணீர்க் கான் ஓரத்து வாழை, பாதி மலையை மூடிய மூடுபனி. அவள் மூச்சு மட்டும் கேட்டது. அந்த வீட்டுக்குள்ளிருந்து யாரோ அவளை அழைக்கவும் போன் நின்றது.

அவள் திரும்பி வந்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். வரவில்லை. ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான் வீட்டில் இருப்பதில்லை. அவள் கூப்பிடும் நேரத்துக்கு எங்காவது வெளியில் நிற்கிறேன். போன வாரம் பஸ் ஏறி அப்புத்தளைக்குப் போய், ஸ்டேசனில் ரயில் வருவதைக் காட்டினேன். இந்த வயதில் கூட்டத்துக்கு நடுவே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க," என்றாள்.

திருப்பினேன்.