இயர்பட்ஸ் – காதுக்கா, வாய்க்கா?

மூன்று கிழமைக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை பின்னேரம், கண்டியிலிருந்து வத்தேகமவுக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடியே, என் கணவர் இன்னும் இரண்டு வருடம் கட்டாரில் இருப்பதற்குச் சம்மதம் கொடுத்துவிட்டேன்.

கொடுத்தது எனக்கே தெரியாது!

தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பேராதனையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். வீடு வத்தேகமவில். அவர் – ரொபர்ட் – கட்டாரில் ஒரு ஹோட்டலின் லோண்டரியில் துணி துவைக்கிற வேலை செய்கிறார். முதலில் இரண்டு வருடம் என்று போனார். பிறகு இன்னொரு இரண்டு வருடம். அதுவும் முடியப்போகிறது. ‘இதோட வந்துருவேன்’ என்பதுதான் எங்களுக்குள் பேச்சு.

அவருக்கு வேலை பின்னேரம் தொடங்கும். உள்ளே போய்விட்டால் போனைத் தொட முடியாது. அவர் தூங்கி எழும்பும்போது நான் ஒஃபிஸில் ஃபைலுக்குள் இருப்பேன். நான் வீட்டுக்கு வந்து சேரும்போது அவர் வேலைக்குள் போயிருப்பார். நடுவில் மிஞ்சுவது முக்கால் மணி நேரம். அவர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிற அதே முக்கால் மணி நேரம்தான் நான் வத்தேகம பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறேன். நாலு வருடமாக எங்கள் குடும்பம் நடப்பது இரண்டு பஸ்களுக்குள்ளே.

லீவு நாள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு போன் என் கைக்கு வராது! மகளுக்கு அப்பா வேண்டும். மாமிக்கு மகன் வேண்டும். மாமி பேசி முடித்து என்னிடம் நீட்டும்போது சார்ஜ் முடிந்திருக்கும்.

அவருடைய பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டு போவார்களாம். என்னுடைய பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? டிரைவர் தலைக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர். பின்னுக்கு இன்னும் இரண்டு. நாலிலும் பைலா பாட்டு. மஹியாவை ஏற்றத்தில் எஞ்சின் முக்கும். கட்டுகஸ்தோட்டையில் எல்லா வாகனமும் ஹோர்ன் அடிக்கும். இதற்கு மேல் கொண்டக்டர், ‘இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன’ என்று எல்லோரையும் முன்னுக்கு விரட்டிக்கொண்டே வருவார்.

அந்தத் திங்கட்கிழமை அவர் எதையோ நீளமாகச் சொன்னார். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: “...எச்.ஆர்.ல... ரெண்டு... நீ என்னா சொல்ற?”

ஒரு கையில் பேக். ஒரு கையில் கம்பி. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். மூன்று தரம் ‘என்ன, என்ன’ என்று கேட்டாயிற்று. நாலாவது தரம் கேட்க வெட்கமாக இருந்தது.

“சரி சரி... நல்லதுதானே” என்றேன்.

அடுத்த நாள் காலையில் ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. வேலை முடிந்து அறைக்குப் போனதும் அனுப்பியிருக்கிறார். “ஸ்டெல்லா, நீ சரின்னு சொன்னதால எச்.ஆர்.ல சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு வருஷம். வியாழக்கெழம கையெழுத்து.”

குரலில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. மூன்று தரம் போட்டுக் கேட்டேன். கையில் இருந்த தேத்தண்ணி ஆறிவிட்டது.

உடனே டைப் பண்ணினேன். ‘நீங்க சொன்னது எனக்குக் கேக்கல. கையெழுத்துப் போடாதீங்க.’

மத்தியானம்தான் பதில் வந்தது. ‘கோவப்படாத. பேசுவோம்.’

கோபமா? எனக்கா? நான் டைப் பண்ணியது பயத்தில். ஆனால் கோபத்துக்கும் பயத்துக்கும் எழுத்து ஒன்றுதானே... அவருக்கு எப்படித் தெரியும்?

அன்று பின்னேரம் பேசியே ஆக வேண்டும். கண்டி டவுனில் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு நடைபாதைக் கடையில் நின்றேன். ஓர் இயர்பட்ஸ் பெட்டியில் பெரிய எழுத்தில் ‘நோய்ஸ் கேன்சலிங்’, அதாவது சத்தத்தை அடக்கும் என்று போட்டிருந்தது. விலையும் கைக்கு அடக்கம். வேறு என்ன பார்க்க வேண்டும்? வாங்கினேன். பஸ் ஏறினேன். காதில் மாட்டினேன். அவர் அழைத்தார்.

பைலா அப்படியே கேட்டது. எஞ்சின் அப்படியே கேட்டது. அவர் மட்டும் எங்கேயோ தூரத்தில் ஏதோ சொன்னார். நான் “ஆ? ஆ?” என்றேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வியாழக்கிழமைக்கு இன்னும் ஒரே ஒரு நாள். இன்றைக்கும் ‘சரி சரி’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவதா? முடியாது! மடவளை பஜாரில் பெல்லை அடித்து இறங்கிவிட்டேன்.

இறங்கின இடத்தில் மழை. ரோட்டில் சத்தம். எதிரே தெரிந்த கடைக்குள் ஓடினேன். போனும் போன் சாமான்களும் விற்கிற சின்னக் கடை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“வாங்க தங்கச்சி, என்ன வேணும்?” என்றார் கடைக்காரர். ஐம்பது வயதிருக்கும். பெயர் நியாஸ் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் ‘நானா’ என்போம்.

“ஒண்ணும் வேணாம் நானா. வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருந்து லைன்ல இருக்காரு. அஞ்சு நிமிஷம்... சத்தமில்லாத எடம் ஒண்ணு வேணும்.”

என் முகத்தைப் பார்த்தார். டிவியை நிறுத்தினார். கதிரையை இழுத்துப் போட்டார். தானே வெளியே போய், கடைவாசலில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். சார்ஜர் கேட்டு வந்த ஒருவரையும் அங்கேயே நிறுத்திவிட்டார்.

இயர்பட்ஸைக் கழற்றி, பெட்டியோடு மேசையில் எறிந்துவிட்டு, போனை வெறும் காதில் வைத்தேன்.

“நேத்து நீங்க கேட்டது எனக்கு வெளங்கலங்க. சும்மா சரின்னு சொன்னேன்.”





“நீ வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சுத்தான் கேட்டேன்” என்றார். “நீ டக்குனு சரின்னு சொல்லிட்ட. நான் வராட்டியும் இங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல போலன்னு... நேத்து சாப்பாடே எறங்கல.”

நான் அழவில்லை. அழுதால் அதையும் அவர் பிழையாக விளங்கிக்கொள்வாரோ என்ற பயம்.

“வந்துருங்க” என்றேன். “எனக்கு வேணும். வந்துருங்க.”

பிறகு நிதானமாகப் பேசினோம். மேல்மாடி கட்டி முடியாமல் பாதியில் நிற்கிற வீட்டைப் பற்றிச் சொன்னார். மகளின் படிப்பைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் சொன்னதிலும் இருந்தது. கடைசியில், “ஒரு வருஷம் கேட்டுப் பாக்குறேன். மக ஓ.எல். பரீட்ச எழுதுறப்ப நான் வீட்ல நிப்பேன். அதுக்கு மேல ஒரு நாளும் இல்ல” என்றார்.

“ஒரு நாளும் இல்ல” என்றேன் நானும்.

வியாழக்கிழமை ஒரு வருடத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டார். எச்.ஆரில் முகத்தைச் சுளித்தார்களாம். சுளிக்கட்டும்!

அது இருக்கட்டும். அன்று பேசி முடித்து எழுந்தபோது நியாஸ் நானா உள்ளே வந்தார். மேசையில் கிடந்த என் புது இயர்பட்ஸ் பெட்டியை எடுத்துப் பார்த்தார்.

“தங்கச்சி, இது ஒங்கட காதுக்கு இல்ல. வாய்க்கு.”

“என்ன நானா?”

பெட்டியின் பின்பக்கத்தில், பெரிய எழுத்துக்குக் கீழே, சின்னதாக ஈ.என்.சி. என்று இருந்தது. “இந்த ஈ.என்.சி. ஈக்கிதே, இது மைக்குக்கு. ஒங்கட பக்கத்துச் சத்தம் அவருக்குக் கேக்காது. ஒங்கட காதுக்கு வாற சத்தத்தக் கொறைக்கிறது ஏ.என்.சி. அது இதுல இல்ல. எல்லாத்துக்கும் ஒரே பேர்தான் போடுறாங்க.”

அப்போதுதான் விளங்கியது. பஸ்ஸில் அவர் தூரத்தில் ஏதோ சொன்னாரே... ‘இன்னைக்கு ஒன் குரல் நல்லாக் கேக்குதே’ என்றுதான் சொல்லியிருப்பார்! என் சத்தம் அவருக்குத் தெளிவு. அவர் சத்தம் எனக்கு இல்லை. எத்தனையோ வீட்டில் இந்த ஈ.என்.சி. ஏற்பாடுதான் நடக்கிறது, இல்லையா? ஒருவர் பேசுவது மட்டும் நன்றாகக் கேட்கும்.

வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தேன். இந்த நாலு வருடத்தில், இந்த பஸ்ஸில், இன்னும் எதற்கெல்லாம் தலையாட்டியிருப்பேன்? அவர் சொன்ன எத்தனை விஷயம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் விழுந்து போயிருக்கும்? இன்னும் ஒரு வருடம் இந்த பஸ்ஸில்தான் குடும்பம் நடத்த வேண்டும். இனி ஒரு சொல்லையும் விடமாட்டேன். நல்லதாக ஒன்று வாங்குவேன். ஆனால் ஏமாறமாட்டேன். பத்தாயிரத்துக்கு மேலேயும் போகமாட்டேன்.

ஒஃபிஸில் என் பக்கத்து மேசை சிவமலர் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் ஆராய்ந்து வாங்குகிறவர். அவரிடம் கேட்டேன்.

“பெட்டியப் பாத்து வாங்காதையும்” என்றார். “கடைக்குள்ள போட்டுப் பாத்தும் வாங்காதையும். கடைக்குள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நீர் எங்க பாவிக்கப் போறீரோ, அங்க போட்டுப் பாரும்.”

“பஸ்ஸிலயா அக்கா?”

“ஓம். பஸ்ஸிலதான்.”

சனிக்கிழமை மடவளையில் இறங்கி நியாஸ் நானாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “பஸ்ஸுக்குள்ளயா?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு, என் தொகைக்குச் சரிவருகிற மூன்றை எடுத்துப் பையில் போட்டார். பக்கத்துக் கடைக்காரரிடம் “ஒரு நடை போய்ட்டு வாறன், கடையப் பாத்துக்கோங்க” என்றார். என்னோடு வத்தேகம பஸ்ஸில் ஏறிவிட்டார்!

இப்படி ஒரு வியாபாரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

முதலாவதைப் போட்டேன். எஞ்சின் கொஞ்சம் அடங்கியது. ஆனால் காதுக்குள் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல், விடாமல். வேண்டாம்.

இரண்டாவது – அடேயப்பா! எஞ்சின் காணாமலே போய்விட்டது. இதுதான் என்று முடிவு கட்டப்போனேன். நானா விடவில்லை. “மைக்கையும் பாக்கணும். பேசி ரெக்கோட் பண்ணுங்க.”

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

“அப்பிடி இல்ல தங்கச்சி. வீட்டுக்காரரோட பேசுற மாதிரி பேசுங்க.”

நிறைந்த பஸ். என்ன செய்வது? கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, “என்னங்க, சாப்பிட்டீங்களா?” என்றேன். முன்சீட்டு அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்து நியாஸ் நானாவைப் பார்த்தார். நானா அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

ரெக்கோர்டிங்கைப் போட்டுக் கேட்டால், நான் தண்ணீர்த் தாங்கிக்குள் விழுந்துவிட்டு அவரைச் சாப்பிட்டீங்களா என்று கேட்பதுபோல இருந்தது. மூன்றிலும் விலை கூடியது இதுதான். வேண்டாம்.

மூன்றாவது காதில் நிற்கவே இல்லை. ஒரு குலுக்கலுக்கு விழுந்தது. நானா பெட்டிக்குள்ளிருந்து கொஞ்சம் பெரிய காது ரப்பரை எடுத்து மாற்றித் தந்தார். இப்போது இறுக்கமாக உட்கார்ந்தது. உட்கார்ந்ததுமே பாதிச் சத்தம் போய்விட்டது... ஏ.என்.சி. பட்டனை அழுத்தாமலே! அழுத்தியதும் எஞ்சினும் தணிந்தது. பைலா கொஞ்சம் கேட்டது, பரவாயில்லை. ரெக்கோர்டிங்கில் என் குரல் என் குரலாகவே இருந்தது. ஆறு மாத வாரண்டி வேறு.

“இதுதான் நானா.”

“ரோட்டக் கடக்கக்குள்ள மட்டும் ஒண்ணக் கழட்டிருங்க” என்று சொல்லிவிட்டு, வத்தேகமவில் இறங்கி, திரும்பிப் போகிற பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார்.

திங்கட்கிழமை கண்டியில் பஸ் ஏறி, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். அழைத்தார். அவருக்குப் பக்கத்தில் யாரோ குறட்டை விடுவது முதலில் கேட்டது. அவருடைய பஸ் இவ்வளவு அமைதியா! அடுத்து அவர் பேசத் தொடங்கினார். நடுவில் இருமினார். திரும்பவும் இருமினார்.

“எத்தன நாளா இந்த இருமல்?”

“ஒரு மாசம் இருக்கும்.”

“எனக்குச் சொல்லல?”

“சொன்னேனே. ரெண்டு தடவ சொன்னேன்.”

லோண்டரியில் துணிக்குப் போடுகிற மருந்தின் நெடிதான் காரணம், பெரிதாக ஒன்றுமில்லை என்றார். நான் விடவில்லை. அடுத்த நாளும் கேட்டேன், அதற்கடுத்த நாளும் கேட்டேன். நாலாவது நாள் கம்பெனி கிளினிக்குக்குப் போய், மருந்தும் வாங்கி, வேறு பகுதிக்கு மாற்றமும் கேட்டு எழுதிக் கொடுத்தார். இப்போது துணி மடிக்கிற பகுதியில் இருக்கிறார். இருமல் குறைந்துவிட்டது. குறைந்தது எனக்கே கேட்கிறது.

எந்த இயர்பட்ஸ் என்று பெயர் கேட்டு எழுதாதீர்கள். உங்கள் சத்தம் வேறு, உங்கள் காது வேறு. எந்த இடத்தில் யாருடைய குரல் உங்களுக்குக் கேட்க வேண்டுமோ, அங்கே கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

எல்லாம் நல்லது. ஒரே ஒரு குறை... நேற்று எங்களுக்குள் ஒரு சண்டை. ஒரு வார்த்தைகூடக் காதுக்குத் தப்பவில்லை!