மச்சான் சொன்ன சாட்சி

என் மச்சான் ஓட்டும் பள்ளி வேனில் இடது பக்கம் மட்டும்தான் அடிபடும். நான் மெக்கானிக். அந்தப் பக்கக் கண்ணாடியை எத்தனை முறை மாற்றினேன், நெளிவை எத்தனை முறை தட்டி எடுத்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. கேட்டால், "தூணைக் கொண்டுவந்து ரோட்டுல நட்டு வெச்சிருக்கானுங்க" என்பார். அந்தத் தூண் அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் நிற்கிறது.

காரணம் எனக்கும், அவருக்கும், அவர் மனைவியான என் அக்காவுக்கும் தெரியும். அவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம். நேரே இருப்பது தெரியும், ஓரப் பார்வை, அதிலும் இடது பக்கம், கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், தினமும் சொட்டு மருந்து விட வேண்டும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். சில வாரம் ஒழுங்காக விட்டார். அப்புறம் சபையில் உபவாச ஜெபம் வந்தது. போதகர் தலையில் கைவைத்து ஜெபித்து முடித்ததும் இவருக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்ததாம். அழுதுகொண்டே முன்னால் போய், கர்த்தர் பார்வையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று சாட்சி சொன்னார். சபையே எழுந்து கைதட்டியது. வீட்டுக்கு வந்ததும் மருந்தைக் குப்பையில் போட்டார்.

மச்சான் பொய் சொல்லவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். நம்பித்தான் சொன்னார். ஆனால் மங்கல் திரும்பி வந்துவிட்டது. சொன்ன சாட்சியை எப்படித் திருப்பி வாங்குவது? புலி வாலைப் பிடித்த கதையாகிவிட்டது. மருந்துக் கடையில் சபையார் யாராவது பார்த்துவிட்டால் கர்த்தருடைய பெயர் கெட்டுவிடும் என்று பயந்தார்.

"மச்சான், வண்டில இருக்கறது ஊரார் பிள்ளைங்க. டாக்டர்கிட்ட போங்க" என்று சத்தம் போட்டேன்.

"உனக்கு விசுவாசம் பத்தாது மாப்ள" என்றார்.

அந்த ஒரு சொல்லால் யார் வாயையும் அடைத்துவிடலாம். ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன்.

அதே வேனில் அக்காதான் ஆயா. பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு, தான் ஏறிக்கொண்டு, உள்ளிருந்து தகரத்தைத் தட்டுவாள். மச்சான் இடது பக்கக் கண்ணாடியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுப்பார். ஒரு நாள் காலையில், பின் சீட்டுப் பிள்ளை ஒன்று விளையாட்டாகத் தகரத்தைத் தட்டிவிட்டது. மச்சான் கழுத்தைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் கண்ணாடியைப் பார்த்தார். அதில் மங்கலைத் தவிர எதுவும் தெரியவில்லை. வண்டி நகர்ந்தது. ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலுமாக நின்ற அக்கா கீழே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த போதகரிடம், "செருப்பு வழுக்கிடுச்சுங்க ஐயா" என்றாள்.

அவர் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "யாரைக்கா ஏமாத்தற?"

"நீ சும்மா இருடா. அவரோட சாட்சி கெட்டுப் போகக் கூடாது."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மச்சான் இதைக் கேட்டார். அன்றிலிருந்து அவர் சாவியைத் தொடவில்லை, வேனை நான் ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வேறு சபையிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். "நம்ம சகோதரர் தன் சாட்சியை மறுபடியும் சொல்வார்" என்று போதகர் கூப்பிட்டார். மச்சான் பெஞ்சு விளிம்புகளைத் தடவிக்கொண்டே முன்னால் போனார்.

"எனக்குப் பார்வை சரியாகல" என்றார். "அன்னைக்குத் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் மங்கிடுச்சு. கர்த்தர் பேரைக் காப்பாத்தறதா நெனச்சு என் பேரைக் காப்பாத்திக்கிட்டேன். என் பொண்டாட்டி செருப்பு வழுக்கி விழல. நான்தான் கண்ணு தெரியாம வண்டியை எடுத்துத் தள்ளிவிட்டேன்."

அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேதத்துல ஒரு குருடன் இருக்கான். இயேசு கைவெச்சதும், மனுஷங்க மரம் மாதிரி தெரியறாங்கன்னு அவர் முகத்துக்கு நேராவே சொல்லிட்டான். அவர் கோபிக்கல. மறுபடியும் கைவெச்சார். அப்படி உண்மையைச் சொல்ல எனக்குத்தான் தைரியமில்ல."

போதகர் தலை குனிந்து நின்றார். பின் வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து, "எனக்கும் முட்டி வலி போகலைங்க ஐயா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் டாக்டரிடம் போனோம். "போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தலாம்" என்றார். மச்சான் தானே கடைக்குள் போய் மருந்து வாங்கினார்.

திரும்பும்போது அக்கா கட்டுப் போட்ட கையுடன் அவருக்கு இடது பக்கம் நடந்தாள். அவர் நொடிக்கொரு தரம் கழுத்தை முழுதாகத் திருப்பினார்.

"என்ன, திரும்பித் திரும்பிப் பார்க்கறீங்க?"

"திரும்பினாத்தான் நீ தெரியற."

அக்கா கைக்கட்டைச் சரிசெய்துகொண்டாள். "கண்ணு நல்லா இருந்தப்ப ஒரு நாளும் திரும்பலையே."

மச்சான் நின்றுவிட்டார். "அந்தத் தப்பைக் கர்த்தர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். "உன்கிட்டதான் இன்னும் சொல்லல."