வாய்க்கும் வேண்டும் காப்பு

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலின் போன பங்குனிப் பொங்கலுக்குப் பத்து நாளைக்கு முன்னால்தான் அந்த வெள்ளைத் தடிப்பைப் பார்த்தேன். கீழ் உதட்டுக்கு உள்பக்கம், கட்டைவிரல் நகம் அகலத்துக்கு இருந்தது. காரம் பட்டால் உயிர் போனது. எனக்கு இருபத்திரண்டு வயது. புற்றுநோய்தான், செத்துவிடுவேன் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறேன். பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் எங்களை உள்ளே விடுவார்கள். அதனால் உதட்டுக்குள் புகையிலைத் தூள் அடைத்த சின்னப் பொட்டலத்தை ஒதுக்கிக்கொள்வோம். நெருப்பு இல்லையே, என்ன ஆபத்து என்ற நினைப்பு. பட்டாசுக்காரன் புத்தி அப்படித்தான் போகும். நான்கு வருடம் அப்படியே ஓட்டினேன்.

பயத்தில் மாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்து காப்புக் கட்டினேன். கவுச்சி தொடவில்லை. செருப்புப் போடவில்லை. பொட்டலத்தை மட்டும் விடவில்லை. வாய் குணமாக வேண்டும் என்று சன்னதியில் அழுதபோதும் அது உதட்டுக்குள்தான் இருந்தது. சட்டை துவைக்கும்போது பையில் கிடந்த பொட்டலங்களை அக்கா செல்வி கண்டுபிடித்தாள். சத்தம் போடாமல் கேட்டாள்.

"ஏலே, கையில காப்பைக் கட்டிக்கிட்டு, வாயில இதை வச்சுக்கிட்டுத்தான் ஆத்தாகிட்ட பேசுறியா?"

கூனிக் குறுகிப்போனேன். அங்கேயே துப்பினேன். அன்றைக்கே வேண்டுதலையும் மாற்றினேன். தாயே, இந்தக் கருமத்தைத் திரும்பத் தொடாமலிருக்கத் தெம்பு கொடு என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் கை நடுங்கியது. வெடிமருந்து அடைக்கிற கை நடுங்கினால் என்னோடு அறையில் இருக்கிறவர்களும் போய்விடுவார்கள். ஒரு பொட்டலம் வைத்தால் நடுக்கம் நின்றுவிடும் என்று மனசு கெஞ்சியது. தாயே என்று சொல்லிக்கொண்டு எழுந்துபோய், வேலை போனாலும் போகட்டும் என்று ஃபோர்மேன் அண்ணாச்சியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பதினஞ்சு நாளு பேக்கிங்ல இரு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன். என் வாயும் சரியில்ல."

தெம்பு கேட்டேன், துணையையும் சேர்த்து அனுப்பினாள் அம்மா. அரசு மருத்துவமனையில் இருவருக்கும் பரிசோதனை செய்தார்கள். எனக்குப் புற்றுநோய் இல்லை, இப்போதே விட்டால் ஆறும் என்றார் மருத்துவர்; அண்ணாச்சிக்கு வைத்தியம் ஆரம்பித்தார்கள். ஆசை எழும்போது தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் தள்ளிப்போடச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம். எரிந்து விழுந்தேன், தூக்கம் கெட்டது. ஆனால் தொடவில்லை. தீச்சட்டி ஏந்திய அன்று கை நடுங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது தடிப்பு மறைந்திருந்தது. அண்ணாச்சிக்கு இன்னும் வைத்தியம் நடக்கிறது. அவருக்காக வெள்ளிதோறும் விளக்குப் போடுகிறேன். இப்போது ஆலையில் எட்டுப் பேர் விட்டுவிட்டோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் என் உதட்டை இழுத்து, தடிப்பு இருந்த இடத்தைக் காட்டித்தான் பேசுகிறேன்.

இதைப் படிக்கிற தம்பி, அம்மாவிடம் கேள், கட்டாயம் கொடுப்பாள். ஆனால் முதலில் வாயில் இருப்பதைத் துப்பிவிட்டுக் கேள்.