தாமரைக் குளத்து நாற்றம்

கை நடுக்கத்துக்கு நல்லதென்று பேத்தி என்னை அடையாறில் ஓர் ஓவிய வகுப்பில் சேர்த்தாள். வீணை கேட்டுக்கொண்டே பூ வரைய வேண்டுமாம். டீச்சர் இயற்கை வர்ணமென்று ஒரு டப்பாவைத் திறந்தார். வர்ணம் குழைக்கும், மாட்டுத்தோல் காய்ச்சிய வச்சிரப் பசையின் நாற்றம்! மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

என் நைனா நாடகத் திரை வரைபவர். மயிலாப்பூரில், அம்மா காய்ச்சலில் எழமுடியாமல் கிடந்தபோது, நாதஸ்வர மெட்டை முனகியபடி எதிர்ச் சுவரில் தாமரைக் குளம் வரைந்தார். சோறாக்கும் அடுப்பில் அதே பசை கொதித்தது.

"பூவையே பாரு, நோவு போயிடும்."

"இன்னாய்யா, கொளத்துல பொணம் மெதக்குதா?" என்று அம்மா வாந்தியெடுத்தாள்.

நாலாம் நாள் நாற்றம் பொறுக்காமல் எழுந்து, சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாள்.

நைனா தெருவையே கூப்பிட்டார்: "பாத்தீங்களா, என் கொளம் அவள எழுப்பி வுட்ருச்சு!"